திண்டிவனத்தில் டிக் டிக்

விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில், சைக்கிள் கடை மாடியில் இருந்தது தேவநாதன் துப்பறியும் நிலையம். கொலை, கொள்ளை, சதி, சர்வதேச மர்மம் ஆகியவை துப்பறியப்படும் என்று வாசல் போர்டு சிவப்பு எழுத்தில் மிரட்டியது. வந்து சேர்ந்ததோ அத்தனையும் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன வேலை நிஜமா, தலையில் இருப்பது சொந்த முடியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது விஷயத்தில் தேவநாதனை மிஞ்ச தென்னாற்காடு ஜில்லாவில் ஆள் கிடையாது. தன் தலைக்கு ஒரு டோப்பா தேடி மெட்ராஸில் கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவம் அது.

எண்பத்தொன்பதாம் வருஷத்து அக்னி நட்சத்திரம். கரண்ட் போய்விட்டது. தேவநாதன் டோப்பாவைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், ஜல்தியா மாட்டுங்க. கிராக்கி வருது" என்றாள் அம்சவள்ளி. டைப்பிஸ்ட் வேலைக்கு வந்து, டைப்ரைட்டர் ரிப்பேரான நாளிலிருந்து உதவித் துப்பறிவாளர் ஆனவள்.

வந்தவள் பெயர் ஜெயம். கையில் ஒரு பை மல்லாட்டை, மெட்ராஸ் பாஷையில் வேர்க்கடலை. அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முகம்.

"என் வூட்டுக்காரர போலீஸ்ல புடிச்சிக் குடுக்கப் போறாங்கய்யா. ஜீப்பு டிரைவரு சவுரிராயன்னா திண்டிவனத்துல எல்லாருக்கும் தெரியும். அணுகுண்டு சாமானைத் திருடிட்டாருன்னு சொல்றாங்க."

தேவநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அம்சவள்ளி அவர் காதருகே குனிந்தாள். "வாழ்த்துக்கள் சார். போர்டுல நாலாவதா எழுதினது வந்துட்டுது."

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் செர்னோபிலில் அணு உலை வெடித்தது. அதற்குப் பிறகுதான் உலக நாடுகள் கூடி உட்கார்ந்து ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தன: என் வீட்டில் புகை வந்தால் உடனே உனக்குச் சொல்ல வேண்டும், உன் வீட்டில் வந்தால் நீ எனக்குச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் கையெழுத்தே போடாமல் செய்கிற காரியம்தான். நாடுகளுக்கு அதற்கு ஒரு ஒப்பந்தம் வேண்டியிருந்தது. அந்த ஒத்துழைப்பின் ஒரு சின்னத் துளி திண்டிவனத்திலும் தெறித்தது. கடற்கரை அணுமின் நிலையத்தில் ஏதாவது என்றால் சுற்றுப்பட்ட ஊர்களுக்குச் சேதி எவ்வளவு வேகமாகப் போய்ச் சேரும் என்று பார்க்க, சுவீடனிலிருந்து டாக்டர் இங்கிரிட் என்ற நிபுணர் வருகிறார். கதிர்வீச்சைக் கண்டால் டிக் டிக் என்று அடிக்கிற ஒரு மெஷினை அவர்கள் நாடு முன்கூட்டியே அனுப்பியிருந்தது.

"அந்த மெஷினை விழுப்புரத்துல ஒரு ஸ்கூல்ல, லீவுலயும் வரச் சொல்லி, பசங்களுக்குக் காட்டுனாங்க. அங்க கம்முனு இருந்துச்சு. நேத்து சாயங்காலம் இவருதான் ஜீப்புல ஏத்திக்கினு திண்டிவனம் பங்களாவுக்குப் போனாரு. அங்க போய் எறக்கினதும் கத்துதாம், கத்துதாம், அப்படிக் கத்துதாம். அணுமின் நிலையத்துக்கும் இவருதானே போய் வர்றாரு? அங்கிருந்து எதையோ தூக்கியாந்துட்டாருன்னு அதிகாரி சொல்றாரு. இன்னைக்கு வெள்ளைக்காரம்மா வர்றதுக்குள்ள போலீஸ்ல குடுத்துருவாராம்."

"ரகசியமான விஷயமாச்சே. உனக்கு யாரும்மா சொன்னது?"

"காலைல திண்டிவனத்துலேர்ந்து இங்க வந்த மொத பஸ்ஸு கண்டக்டரு."

தேவநாதன் மல்லாட்டைப் பையைத் திறந்து பார்த்தார். அதுதான் ஃபீஸ் என்று புரிந்தது. போன கேஸில் வந்தது புடலங்காய். தொழில் முன்னேறிக்கொண்டுதான் இருந்தது.

"கிளம்பு அம்சவள்ளி" என்றார்.

ஜெயத்தையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கியபோது, திண்டிவனம் டிராவலர்ஸ் பங்களா வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். 'அணுப் பாதுகாப்பு நிபுணரே வருக வருக' என்று துணி பேனர். ஏணி மேல் ஒரு ஆள் நின்று கம்பம் கம்பமாகக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் குனிந்தான்.

"அய்யா, அய்யா, உள்ளாற போறீங்களா? அந்த மெஷின் ரூமு சாவி யார்கிட்ட இருக்குதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். நானும் காலையில இருந்து..."

"வேலையைப் பாருப்பா. நாங்க முக்கியமான விஷயமா போய்க்கினு இருக்கோம்" என்றார் தேவநாதன்.

சர்வதேச நல்லெண்ண வரவேற்புக் குழுவின் சிறப்பு அலுவலர் வெங்கடாசலம் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மாலை வரவேற்புக்கான பேச்சை அவர் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்ததால், சாதாரணமாகப் பேசினாலும் மைக் முன் நிற்பவர் போலவே இருந்தது.

"மிஸ்டர், இந்தச் சேதி வெளியே போகக் கூடாது. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"வர்றவங்க எதைப் பாக்க வர்றாங்க சார்?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"ஆபத்துச் சேதி மக்களுக்கு உடனே போய்ச் சேருதான்னு பார்க்க."

"நல்லா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க."

பூட்டிய அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டிக்... டிக்டிக்... டிக்டிக்டிக். தேவநாதன் ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தார். மேஜை நாற்காலியெல்லாம் மேடைக்குப் போய்விட்டதால், மெஷினை அது வந்த மரப்பெட்டியின் மேலேயே உட்கார வைத்திருந்தார்கள். முள் நடுங்கிக்கொண்டிருந்தது. தேவநாதனும்தான்.

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? மெஷின் அடிச்சதும் ஓடி வந்து பூட்டினேன். பொறுப்பான அதிகாரி அதைத்தான் செய்வான். வழியில எங்கேயோ நிறுத்தித்தான் இந்த சவுரிராயன் ஏதோ பண்ணியிருக்கான். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்."

சமையற்கட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான் சவுரிராயன். ஜெயத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"வழில எங்கயாச்சும் நிறுத்துனியா?" என்றார் தேவநாதன்.

"இல்லீங்க."

"டீ குடிக்க?"

"இல்லீங்க."

"ஒண்ணுக்குப் போக?"

"இல்லீங்க."

வெளியே வந்ததும் தேவநாதன் சொன்னார்: "பொய் சொல்றான். நானூறு மாப்பிள்ளைங்களைப் பார்த்தவன் நான். 'சிகரெட்டு?' இல்லீங்க. 'சீட்டாட்டம்?' இல்லீங்க. எல்லாத்துக்கும் ஒரே வேகத்துல இல்லீங்கன்னு வந்தா ஒண்ணு இருக்குதுன்னு அர்த்தம்."

"அதுக்காகத் திருடன்னு அர்த்தமா?"

"இல்ல. திருடன் ஒண்ணு ரெண்டை ஒத்துக்குவான். இவன் எதையோ காப்பாத்திக்கினு இருக்கான்."

வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. தேவநாதன் பூதக்கண்ணாடியை எடுத்து ஸ்டீயரிங், பிரேக், ஹார்ன் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஹார்ன் அடித்தது. அவரே துள்ளி விழுந்தார். பின்பக்கம் ஏறி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்சவள்ளி திடீரென்று மூக்கைச் சுளித்தாள்.

"சார், இந்த ஜீப்பு டீசல்ல ஓடுதா?"

"ஆமா."

"அப்ப பின் சீட்டு மட்டும் எதுக்குக் கிருஷ்ணாயில்ல ஓடுது?"

தேவநாதன் குனிந்து பார்த்தார். பச்சை ரெக்சின் மேல் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. சின்னத் தட்டு அளவு. மண்ணெண்ணெய் வாசனை.

"ஸ்டவ்வு" என்றார்.

"ஸ்டவ்வுக்குக் காலு இருக்கும் சார். மூணு புள்ளிதான் விழும். இது முழு வட்டம்."

"அதான் நானும் சொல்ல வந்தேன். பெட்ரோமாக்ஸ் லைட்டு!" தேவநாதன் விரலைச் சொடுக்கினார். "வழியில ஒரு ஆளை ஏத்தியிருக்கான். லைட்டோட ஒரு ஆளு. விழுப்புரத்துல இவ்வளவு லைட்டு வாடகைக்கு விடற கடை ஒண்ணே ஒண்ணு. இன்னைக்குக் கேஸ் முடிஞ்சுது. எடு பஸ்ஸை!"

பஸ்ஸை யாரும் எடுக்கவில்லை. அது நிரம்பும்வரை நின்று, மயிலம் கூட்டுரோட்டில் டீ குடித்து, விக்கிரவாண்டியில் ஒரு ஆட்டுக்குட்டியை ஏற்றிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போனது. குட்டி தேவநாதனின் மடியில் வந்தது.

விழுப்புரம் கடையில் வீரம்மாள் இருந்தாள். லைட்டுக்காரர் கண்ணையனின் மனைவி.

"உன் புருஷன் எங்கே?" என்று தேவநாதன் அதட்டலாகக் கேட்டார்.

"அவரு நேத்தே திண்டிவனம் போயிட்டாருங்களே. பங்களாவுல வெள்ளைக்காரம்மாவுக்கு வரவேற்பாம். அங்க கரண்ட் எப்ப வரும் எப்ப போவும்னு தெரியாதாம். அதனால நாப்பது பெட்ரோமாக்ஸு வெக்கச் சொல்லியிருக்காங்க. பாதி நேத்து எடுத்துக்கினு போனாரு, மீதி இன்னைக்கு வண்டில போச்சு. வாசல்லதான் ஏணி மேல நின்னுக்கினு இருப்பாரு. பாக்கலியா?"

அணுமின்சாரத்தின் பாதுகாப்பைச் சோதிக்க வருபவரை மண்ணெண்ணெய் விளக்கு வைத்து வரவேற்கிறார்கள் என்பதைத் தேவநாதன் அப்போது ரசிக்கவில்லை. அம்சவள்ளியின் கண்ணைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்.

"வேலையைப் பாருப்பான்னு சொன்னீங்களே சார், அவருதான்" என்றாள் அவள். "பாவம், பார்த்துக்கினுதான் இருந்தாரு."

"இன்னொண்ணும் சொல்லியனுப்பினாருங்க" என்றாள் வீரம்மாள். "எடுத்துக்கினு போன மூட்டை ஒண்ணு ஏதோ ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சாம். வேற குடுத்தனுப்புன்னாரு. வேற எங்க இருக்குது?"

மூணு மணி தேவநாதனின் தலைக்குள் அடிக்க ஆரம்பித்தது. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். உட்கார இடம் இருந்தது.

ஏணியில் கண்ணையன் அதே இடத்தில் நின்றான். ஜெயம் கீழே நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குப்பா கீழே! நேத்து ஜீப்புல வந்தியா?"

கண்ணையன் இறங்கினான். தலையைச் சொறிந்தான். "வந்தேங்க. டிரைவருகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்ல மாட்டேன்னு. அவரு ஏத்தவே மாட்டேன்னாரு. போன மாசம் கூட்டேரிப்பட்டாண்ட ஒரு புள்ளத்தாச்சிய ஏத்தினதுக்கே, இன்னொரு தபா வெளியாள ஏத்துனா வேலை போயிடும்னு அதிகாரி சொல்லியிருக்காராம். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஏறுனேன்."

தேவநாதனுக்குச் சவுரிராயனின் 'இல்லீங்க' எல்லாம் இப்போது விளங்கியது. ஆளை ஏற்றியதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜெயில். அந்த மனுஷன் ஜெயிலே மேல் என்று முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"உன் மூட்டை?"

"ரோடு மேடும் பள்ளமும். லைட்டுக் கண்ணாடிங்க ஒடைஞ்சிடும். அந்த வெளிநாட்டுப் பொட்டியில அடித்தட்டு காலியா இருந்துச்சு. உள்ள மெத்தையாட்டம் பஞ்சு. நம்மூர்ல கொழந்தைக்குக்கூட அப்படித் தொட்டில் கெடையாதுங்க. கண்ணாடிய அதுல வெச்சேன். எடம் வீணாப் போவுதேன்னு கண்ணாடிக்குள்ள மேண்டில் பாக்கெட்டுங்கள திணிச்சேன். வந்து எறக்கினதும் எடுக்கலாம்னு பாத்தா, மெஷினு கத்துச்சு, அதிகாரி பூட்டிக்கினு ஓடிட்டாரு."

மேண்டில் என்பது பெட்ரோமாக்ஸ் உள்ளே தொங்குகிற வலைப்பை. எரிந்து வெள்ளை வெளிச்சம் கொடுப்பது அதுதான். அதற்கும் டிக் டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தேவநாதனுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினார்.

"எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சிடப் போவுது" என்றாள் அம்சவள்ளி. "சத்தம் நின்னா அதுதான். நிக்கலைன்னா நீங்க திருடன் லிஸ்டுல வேற ஆளைத் தேடுங்க."

"சாவி அதிகாரிகிட்ட இல்ல இருக்குது?"

"பழைய பங்களா சார். குளியலறைக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கும். தண்ணி ஊத்தற ஆளு வர்றதுக்கு."

இருந்தது. தாழ்ப்பாளும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே டிக்டிக்டிக்.

"யாரு போறது?" என்றார் தேவநாதன், தன்னைத் தவிர எல்லோரையும் பார்த்து.

"நான் போறேன்" என்று ஜெயம் முந்தானையைச் செருகினாள். "அவரு அந்தப் பொட்டி பக்கத்துலயே வந்தாரு. ஒண்ணும் ஆவலை. எனக்கு இன்னா ஆயிடப் போவுது?"

தேவநாதன் அவளைப் பார்த்தார். ஃபீஸாக வந்த மல்லாட்டையில் பாதி தின்றாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். அது வீரம் என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொள்வார். திரும்பி ஓட வழியில்லாமல் அம்சவள்ளி பின்னால் மறித்துக்கொண்டு நின்றிருந்ததும் ஒரு காரணம்.

மெஷினைத் தூக்கித் தரையில் வைத்தார். அது அவரைத் திட்டியது. பெட்டியைத் திறந்தார். பஞ்சு மெத்தையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது ஒரு சாக்கு மூட்டை. அதைக் கைநீட்டித் தூக்கிக்கொண்டு, செத்த எலியைக் கொண்டு போவது போல வெளியே வந்து, முற்றம் தாண்டிக் கிணற்றடியில் நின்றார்.

டிக்டிக்... டிக்... டிக்.

அவ்வளவுதான். ஸ்கூலில் இருந்த மாதிரி, கம்மென்று எப்போதாவது ஒன்று.

"இன்னொரு தபா உள்ள வாங்க சார்" என்றாள் அம்சவள்ளி.

போனார். டிக்டிக்டிக்டிக். வந்தார். நின்றது. போனார். கத்தியது. ஜெயம் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் பார்த்தாள்.

அந்த ஆட்டத்தின் நடுவில்தான் வாசலில் கார் வந்து நின்றது. வந்தது இன்ஸ்பெக்டர் இல்லை. உயரமான, வெயிலில் சிவந்துபோன டாக்டர் இங்கிரிட். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெங்கடாசலம் மாலையோடு ஓடினார். "வெல்கம், வெல்கம்! எவ்ரிதிங் நார்மல்!"

"மேடம்!" அம்சவள்ளியின் கான்வென்ட் ஆங்கிலம் முற்றத்தைத் தாண்டிப் பாய்ந்தது. "நார்மல் இல்லை மேடம். உங்க மெஷின் நேத்து ராத்திரி பூரா அடிச்சுது. ஒரு அப்பாவியைத் திருடன்னு பிடிச்சு வெச்சிருக்காங்க."

வெங்கடாசலத்தின் கையில் மாலை அப்படியே நின்றது.

டாக்டரம்மா நேரே முற்றத்துக்கு வந்தார். தேவநாதன் கையிலிருந்த மூட்டையைப் பிரித்தார். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பாக்கெட்டை உருவி, மெஷினை முற்றத்துக்கு எடுத்து வரச் சொல்லி, அதன் பக்கத்தில் காட்டினார். டிக்டிக்டிக். அவர் சிரித்த சிரிப்பில் வாழை மரத்துக் காக்கை பறந்துபோனது. அம்சவள்ளி மொழிபெயர்த்தாள்:

"வெளிச்சம் பளிச்சுன்னு வரணும்னு இந்த வலையில தோரியம்னு ஒரு சரக்கு பூசறாங்களாம். அதுக்குத் துளி கதிர்வீச்சு உண்டாம். மெஷின் ரொம்ப மோப்பக்காரன், மூட்டையா அது மடியிலயே வெச்சா கத்தாம இன்னா பண்ணும்னு கேக்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்லையாம். சார், நீங்க மூச்சு விடலாம்."

"எனக்கு முன்னாலயே தெரியும்" என்று மூச்சு விட்டார் தேவநாதன்.

டாக்டரம்மா மேலும் சொன்னார். செர்னோபில் வெடித்தபோது ரஷ்யாக்காரர்கள் மூச்சே விடவில்லை. சுவீடனில் ஒரு அணுமின் நிலையத்தில் வேலை செய்பவரின் பூட்ஸைக் கண்டு மெஷின் கத்தியது. எங்கள் உலையில்தான் ஓட்டை என்று முதலில் நினைத்தோம். வெட்கத்தை விட்டுத் தேடினோம், அப்புறம்தான் காற்று எங்கிருந்து வந்தது என்று உலகத்துக்கே தெரிந்தது. பூட்ஸ்காரரை யாரும் போலீஸில் கொடுக்கவில்லை.

"உங்கள் மெஷின் கத்தியதும் யாருக்கு முதலில் தகவல் சொன்னீர்கள்?" என்று வெங்கடாசலத்தைக் கேட்டார்.



"எனக்குத்தாங்க" என்றாள் ஜெயம். "கண்டக்டரு சொன்னாரு."

"விழுப்புரம்வரைக்கும் ஒரே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த ஜில்லாவில் சேதி சொல்லும் ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டார்.

வெங்கடாசலம் கடைசிக் கையை வீசினார். "எல்லாம் சரி. வெளியாளையும் வெளிச் சாமானையும் அரசாங்க ஜீப்பில் ஏத்தினது யார்? அதனால்தானே இத்தனையும்? எச்சரிக்கை பண்ணியும் கேட்கலை. இன்றைக்கே அவனை வேலையை விட்டு..."

சமையற்கட்டு வாசலில் வந்து நின்றிருந்த சவுரிராயனின் முகம் செத்தது. ஜெயம் அவன் கையைப் பிடித்தாள்.  கேஸை அவிழ்த்ததே தேவநாதன்தான். ஜெயிலிலிருந்து காப்பாற்றி, வேலையைப் பறித்துக் கொடுத்திருக்கிறார்.

"அய்யா" என்றான் கண்ணையன் மெதுவாக. "நேத்து மத்தியானம் கடைக்குப் போன் பண்ணி, லாரி எதுக்கு தண்டமா, நம்ம ஜீப்பு காலியாத்தானே வருது, மடக்கி ஏறிக்கினு வான்னு சொன்னதே நீங்கதானே?"



"இதை எங்கிட்ட ஏன்யா சொல்லலை?" என்றான் சவுரிராயன்.

"அய்யா சொன்னாருன்னு நான் சொன்னப்ப நீதானே நம்பல? 'எங்க அய்யாவா, ஆளை ஏத்தச் சொல்வாரா, போய்யா'ன்ன. அப்புறந்தானே கால்ல விழுந்தேன்."

வெங்கடாசலம் வாழை மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா அம்சவள்ளியிடம் மொழிபெயர்ப்பைக் கேட்டு, முழுவதும் கேட்டு, இன்னொரு முறையும் கேட்டார். பிறகு காரை மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, வரவேற்புக்கு முன் சுற்றுப்பட்ட ஊர்களைப் பார்க்க வேண்டும், இந்த டிரைவர்தான் வர வேண்டும் என்றார். வண்டியில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டருக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள்.

சவுரிராயன் சாவியை வாங்கினான். ஜீப்பைத் துடைத்தான். டாக்டரம்மா ஏறப் போனபோது கையைக் குறுக்கே நீட்டினான்.

"மன்னிச்சிக்கங்க. வெளியாளுங்கள ஏத்தக் கூடாதுன்னு அய்யா உத்தரவு."

"யோவ்! அவங்க விருந்தாளிய்யா! ஏத்து!" என்று பல்லைக் கடித்தார் வெங்கடாசலம், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"கேக்கலீங்க."

"ஏத்துய்யா."

"மெஷினு சத்தத்துல காதுல விழலீங்க. எல்லாருக்கும் கேக்கறா மாதிரி சொல்லிடுங்க. நாளைக்கு யாரு சொன்னதுன்னு பேஜாரு வரக் கூடாது பாருங்க."

வெங்கடாசலம் சுற்றிலும் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜூஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மேடைக்காக ஒத்திகை பார்த்த அந்தக் குரல் கடைசியில் வந்துவிட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும்.

"ஆளை ஏத்திக்கப்பா, சவுரிராயா!"

"சரிங்க" என்று கையை எடுத்தான் சவுரிராயன். டாக்டரம்மா ஏறினார். அடுத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தன் பெண்டாட்டியைப் பார்த்து, "ஏறு ஜெயம்" என்றான்.